வானிலைத் தட்டில் ஐந்தாம் பாகம்

நூலகத்தின் கார்டு டிராயரை முழுக்க இழுத்து, எடை தாங்காமல் வயிற்றில் முட்டுக்கொடுத்து நின்றவர்கள் நம் வயதுக்காரர்களில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. கார்டுகளின் நடுவே ஓடும் பித்தளைக் கம்பி, ஆயிரம் விரல் பட்டுக் கறுத்த மேல் விளிம்பு, இடது மூலையில் தட்டச்சில் அடித்த எண். அந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு அலமாரி அலமாரியாக நடக்க வேண்டும். வேர்வையில் அது அழிவதற்குள் புத்தகம் கிடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி டிராயர், மறுபடி வயிறு. இப்போது கம்ப்யூட்டரில் தட்டினால் ஒரு நொடியில் ‘உண்டு’ என்று சொல்லிவிடுகிறது. உண்டு என்பது வேறு, கிடைக்கும் என்பது வேறு என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அது புரிய ஒரு முழுக் கோடை விடுமுறை பிடித்தது.

எனக்குப் பதினோரு வயது. அப்பாவுக்கு நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி, வலியசாலையில் ஒரு வாடகை வீட்டின் பின்பாதிக்கு நாங்கள் குடிவந்தோம். நாங்கள் என்றால் அப்பாவும் நானும். அம்மா வரவில்லை. "அம்மைக்கு அங்கே கொஞ்சம் வேலை இருக்கு மக்ளே" என்றார் அப்பா. பெரியவர்கள் ஒரு வாக்கியத்தில் ‘கொஞ்சம்’ என்று போட்டால் அது நிறைய என்று பதினோரு வயதில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மா தாத்தா வீட்டில் இருந்தாள். புது ஊருக்கு மாற்றி வாங்கிய ரேஷன் கார்டில் மட்டும் எங்களோடு இருந்தாள்.

ஜூனில்தான் பள்ளிக்கூடம். அதுவரை என்னை எங்கே வைப்பது என்பது அப்பாவின் பிரச்சினை. அப்பா இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் பிரிவு குமாஸ்தா. ஒரு மனிதன் சாகக்கூடிய எல்லா வழிகளும் அவருக்குப் படிவ எண்ணோடு தெரியும். கிணறு, மண்ணெண்ணெய் ஸ்டவ், பஸ் படிக்கட்டு, தென்னை மரத்தடி. வீட்டுக்காரர்களிடம் விடலாம் என்றால் அவர்கள் வீட்டில் கிணறும் இருந்தது, தென்னை மரமும் இருந்தது. இருபது வருஷ சர்வீஸில் நூலகத்தில் இறந்தவருக்காக ஒரு கிளெய்ம்கூட வந்ததில்லை என்பது ஒருநாள் அவருக்குத் தட்டுப்பட்டது. மறுநாளிலிருந்து காலை ஒன்பதரைக்கு ஒரு தூக்குவாளியோடு என்னை அவர் ஆபீஸ் பக்கத்து நூலகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து திரும்ப எடுத்துக்கொள்வார். கெடு தேதி தவறாத வாசகர்.

"பிள்ளை ஒண்ணும் செய்யாது. அவ பாட்டுக்கு இருந்துக்கிடுவா" என்று கவுண்டரில் இருந்த சேச்சியிடம் பாதி மலையாளத்தில் சொன்னார்.

"இருந்நோட்டெ சாரே" என்றாள் சேச்சி, முத்திரை குத்துவதை நிறுத்தாமல்.

அப்பா என் பக்கம் குனிந்தார். "எங்கேயும் போகாண்டாம். யார்கிட்டயும் பேசாண்டாம்."

பேச ஆளிருந்தால்தானே. எனக்கு மலையாளம் தெரியாது. அந்த எழுத்துகள், தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டைகளை வரிசையாக அடுக்கிய மாதிரி இருந்தன. முதல் இரண்டு நாள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் காற்றாடி பார்ப்பது, சாமியார்களுக்கு வேண்டுமானால் சரிவரும்.

மூன்றாவது நாள் ஒன்று கவனித்தேன். அந்தக் கட்டடத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று இருந்தது. புத்தகங்களின் முதுகில் ஒட்டியிருந்த எண்கள். எண்ணுக்கு மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை. எழுந்து நடக்க ஆரம்பித்தேன். 523-இல் நட்சத்திரப் படம். 598-இல் பறவைகள். 616-இல் நோய்கள், அதன் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு கடப்பேன், ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? 636.5-இல் கோழி. படத்தைப் பார்த்து, அட்டையில் இருந்த எழுத்தோடு பொருத்தி, நானாகவே பிடித்த முதல் மலையாளச் சொல் ‘கோழி’. தமிழிலும் அதுவேதான் என்பது கொஞ்சம் ஏமாற்றம். ஒரு வாரத்தில், கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த எண் எந்த ஜன்னலோரம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கண்ணைக் கட்டி விடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்படி எண்ணைப் பிடித்துக்கொண்டே போனபோதுதான் கடைசி ஜன்னலோரம் 894.811 வந்தது. தமிழ். மூன்றே தட்டு. பக்கத்தில் 894.812, மலையாளம், ஒன்பது அலமாரி. நடுவில் வித்தியாசம் கடைசி இலக்கத்தில் ஒன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயும் மாநில எல்லையான களியக்காவிளை செக்போஸ்ட்டும் எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடங்கியிருந்தன.

அங்கே ஒரு நாவல். ஐந்து பாகம், சிவப்புக் காலிகோ கட்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்றைக்கு அதை யாரும் மதிப்பதில்லை, அன்றைக்கே மதித்தார்களா என்பதும் சந்தேகம். முதல் பாகத்தின் முடிவில் ஒரு தாயார் கொட்டுகிற மழையில், இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஒரு வில்வண்டியில் ஏறிப் போய்விடுகிறாள். ஏன் போனாள் என்பதைக் கதாசிரியர் சொல்லாமல் வைத்திருந்தார். எனக்கு அது வேண்டியதும் இல்லை. அவள் திரும்பி வருவாளா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரண்டாம் பாகம் முழுக்க அவள் வரவில்லை. மூன்றாம் பாகம் தட்டில் இல்லை.

டிராயரை இழுத்துப் பார்த்தேன். கார்டு இருந்தது. சேச்சியிடம் போய் என் விரலால் மூன்று காட்டி, புத்தகம் போல இரண்டு கையையும் விரித்தேன்.

"ஆரும் எடுத்திட்டில்ல. அவிடெ காணும் மோளே."

அங்கேதான் இருக்கும் என்கிறாள். அவிடெ காணவில்லை. பத்து நாள் தேடினேன். கடைசியில் ஒரு காலையில், வேறு வேலையில்லாமல் கோழிப் படம் பார்க்கப் போனபோது, 636.5 தட்டின் கடைசிப் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு சிவப்பு முதுகு தெரிந்தது. மூன்றாம் பாகம்! நடுவில் அடையாளத்துக்கு ஒரு தினசரிக் காலண்டர் தாள். பக்கம் தொண்ணூறு.

யாரோ தெரியாமல் மாற்றி வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்பாவின் கார்டில் எடுத்துக்கொண்டுபோய் இரண்டே நாளில் முடித்தேன். அந்தம்மாள் அதிலும் வரவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு நாலாம் பாகத்துக்கு ஓடினால், இப்போது அது இல்லை. அது இருந்த இடைவெளியில் நாலாக மடித்த ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் தமிழில், குண்டு குண்டாகப் பெரியவர்கள் கையெழுத்து.

‘மூன்றாம் பாகம் எடுத்துப் போனவர் கவனத்துக்கு. நான் தொண்ணூறாம் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு இங்கே கார்டு கிடையாது, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நீங்கள் படித்து முடித்ததும் 551.5-இல் கடைசிப் புத்தகத்துக்குப் பின்னால் வைக்கவும். அங்கே யாரும் வர மாட்டார்கள். நான் அதை முடித்த பிறகு நாலாம் பாகம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். அது பத்திரமாக இருக்கிறது.’

ஆளைக் கடத்திவிட்டு எழுதுகிற கடிதம் மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் பயப்படவில்லை. பதினோரு வருஷத்தில் என்னை யாரும் ‘நீங்கள்’ என்று சொன்னதில்லை. அந்தத் தாளை ஐந்து முறை படித்தேன். கதைக்காக ஒரு முறை, மற்ற நாலு முறையும் ‘நீங்கள்’ என்ற சொல்லுக்காக.

551.5 என்பது வானிலை. மழை, காற்று, அழுத்தமானி. நூலகத்தின் வடமேற்கு மூலை, மேலே ஒரு ஓடு உடைந்து, மழை வந்தால் அந்தத் தட்டுக்கு மட்டும் நிஜ வானிலை சொட்டும். மூன்றாம் பாகத்தை, திரும்பி வந்த புத்தகங்களைப் போடும் கவுண்டர் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அங்கே வைத்தேன். கூடவே ஒரு பதில். கடிதம் எழுத எனக்குத் தெரிந்த ஒரே மாதிரி அப்பா ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கடிதங்கள்தான். ஆகவே, ‘ஐயா, தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று ஆரம்பித்தேன். இன்று நினைத்தால் காது சூடாகிறது.

இப்படித்தான் ஆரம்பித்தது. மறுபக்கத்தில் இருந்தவர் விதிகள் போட்டார். காலை நீங்கள், மத்தியானம் நான். புத்தகம் 551.5-ஐ விட்டு நகரக் கூடாது. யாரிடமும் சொல்ல வேண்டாம், சொன்னால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போய்விடும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: காலண்டர் தாள் இருக்கிற பக்கத்தைத் தாண்டி நீங்கள் படிக்கக் கூடாது. ‘நீங்கள் முன்னால் போய் முடிவைச் சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?’

மத்தியானம் இரண்டு மணி நேரத்தில் அவர் முப்பது, நாற்பது பக்கம் படிப்பார். நான் அதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். மிச்சக் காலையெல்லாம் தாளுக்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியாமல், எட்டிப் பார்க்கவும் மாட்டாமல் உட்கார்ந்திருந்தேன். யாருக்காகவாவது காத்திருப்பது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அம்மாவுக்காகக் காத்திருப்பது வேறு மாதிரி இருந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கவுண்டர் சேச்சி, "குட்டிகள் மேலே போய்க்கோ" என்று என்னைக் குழந்தைகள் பிரிவுக்கு மாடியேற்றிவிடுவாள். அது அப்போதுதான் திறக்கும். ஆகவே அவர் யார் என்று நான் பார்த்ததில்லை. வக்கீல் என்று முடிவுசெய்திருந்தேன். விதிகள் போடுகிறாரே! தாள்களில் எப்போதும் பெருங்காய வாசனை அடித்தது. வக்கீல் வீட்டில் ரசம் நன்றாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். துப்பறியும் மூளை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்த நேரத்தில் ஒரு அம்மாள் வருவாள். ஈரத்தலையை நுனியில் முடிந்து, கையில் மஞ்சள் பை. காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து, மலையாளப் பேப்பரை ஆள் மறைகிற மாதிரி விரித்துக்கொள்வாள். தூங்க வருகிறாள் என்பது என் தீர்ப்பு. ஒருநாள் மாடிப்படிக்கு ஓடும்போது அவள்மேல் மோதிவிட்டேன்.

"பாத்துப் போ புள்ள" என்றாள்.

தமிழ்! அந்தக் கட்டடத்தில் அப்பாவைத் தவிர வேறொருவர் பேசி என் காதில் விழுந்த முதல் தமிழ். நின்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். நான் வக்கீலுக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே மேலே ஏறிவிட்டேன்.

யோசித்த விஷயம் இது. நாலாம் பாகத்தின் பாதியில் துணிந்து கேட்டிருந்தேன்: ‘அந்தத் தாயார் திரும்பி வருவார் என்று தாங்கள் கருதுகிறீர்களா?’

மறுநாள் பதில் வந்தது. ‘வர மாட்டாள். வந்தால் எழுதினவனுக்குப் புத்தியில்லை. அந்த மாதிரி வீட்டை விட்டுக் கிளம்பினவள் எதற்குத் திரும்ப வேண்டும்?’

அதற்கு நான் பதில் எழுதவில்லை. மூன்று நாள் 551.5 பக்கமே போகவில்லை. பழையபடி காற்றாடி பார்த்தேன். நாலாம் நாள் போனபோது புத்தகத்தில் தாள் அதே பக்கத்தில் நின்றிருந்தது. எனக்காக அவரும் மூன்று நாளாக மேலே படிக்கவில்லை. தாளில் மட்டும் புதிதாக எழுதியிருந்தது: ‘நீங்கள் மனதில் எதையோ வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள்போல. எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. வருவாள். ஐந்தாம் பாகத்தில் வருவாள். அவசரப்படாமல் படிப்போம்.’

படிப்போம். அந்த ‘ஓம்’ விகுதியை நான் அன்று ராத்திரி வாய்க்குள் சொல்லிக்கொண்டே தூங்கினேன்.

ஐந்தாம் பாகத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தாள் 174-ஆம் பக்கத்தில் இருந்தது. அதுவரை படித்துவிட்டு மூடினேன். ஒரு தாயார் வீட்டுக்குத் திரும்பி வருவதற்கான வாசனை கதையில் லேசாக அடிக்க ஆரம்பித்திருந்தது. யாரோ தூரத்தில் வண்டி மாட்டின் மணியைக் கேட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா துணி துவைத்தார். அம்மா இல்லாததால் அந்த வேலையும் அவருக்கு வந்திருந்தது. சட்டைப் பைகளை எல்லாம் தலைகீழாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சோப்புப் போடுவார். என் பாவாடைப் பையிலிருந்து காலண்டர் தாள் வந்தது. ‘யாரிடமும் சொல்ல வேண்டாம். காலை நீங்கள், மத்தியானம் நான். 551.5.’

ஈரக் கையோடு வந்து நின்றார். "என்ன மக்ளே இது?"

சொன்னால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போய்விடும் என்பது விதி.

"யாரு எழுதினது?"

"தெரியாதுப்பா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியாது."

"தெரியாத ஆளு உனக்கு எதுக்குக் கடுதாசி எழுதுகான்? இது என்ன நம்பரு? ரூம் நம்பரா?"

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. உண்மை இவ்வளவு திருட்டுத்தனமாகக் காதில் விழும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். தென்னை மரத்தையும் கிணற்றையும் தாண்டிக் கொண்டுவந்து வைத்த இடத்தில், படிவமே இல்லாத ஒரு ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பேப்பரைத் திருப்பாமல் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த வயதைத் தாண்டி வந்துவிட்ட எனக்கு அது புரிகிறது. ஒருத்தி ஏற்கெனவே போய்விட்டாள்; இன்னொருத்தியையும் விட்டுவிடுவோமோ என்ற பயம் அது. அன்று புரியவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை என்னை நூலகத்துக்கு அனுப்பவில்லை. ஆபீஸில் தன் மேஜையடியில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தலைமை நூலகர் அறைக்குப் போனார். நூலகர் சார் தாளை வாங்கிப் படித்தார். அவர் முகம் சிவந்தது. அப்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அஞ்ஞூற்றி அம்பத்தொன்னு பாயின்ட் அஞ்சோ?" என்றார் நூலகர் சார். "அது காலாவஸ்தயல்லே! அவிடெ நோவலோ?"

அவர் பதறியது என்னைப் பற்றி இல்லை. வானிலைத் தட்டில் கதைப் புத்தகம் இருப்பதைப் பற்றி.

ஆக, அப்பா ஒரு அயோக்கியனையும், நூலகர் ஒரு தவறான எண்ணையும், நான் ஒரு வக்கீலையும் எதிர்பார்த்து, அட்டெண்டரோடு சேர்த்து நாலு பேராக அடுத்த எண்ணான 552, பாறைகள் அலமாரிக்குப் பின்னால் நின்றோம். இரண்டு பத்துக்கு ஈரத்தலையும் மஞ்சள் பையுமாக அந்த அம்மாள் வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கையை விட்டு ஐந்தாம் பாகத்தை எடுத்தாள். பெருங்காய வாசனை எங்கள் பக்கம் வரை வந்தது.

"ஏய்!" என்றார் நூலகர் சார்.

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். "ஞான் எடுத்தோண்டு போயில்ல சாரே. மாற்றி வெச்சதே உள்ளூ."

"அதாணு குற்றம்!"

திருடிப் போனால் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு முடித்துவிடலாமாம். இடம் மாற்றி வைத்தால் பதிவேட்டில் இருக்கும், ஆளுக்குக் கிடைக்காது. "உண்டு, பக்ஷே இல்ல", இருக்கிறது ஆனால் இல்லை, என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு எங்கள் ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது.

அப்பா முன்னால் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "நீங்கதானா இந்தப் பிள்ளைக்கு எழுதினது?"

"எந்தப் பிள்ளைக்கு?" என்றவள், அப்பாவின் கைக்குக் கீழே நின்ற என்னைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "நீயா?" என்றாள். "ஏ புள்ள, நீயா? ‘பரிசீலிக்கப்பட்டது’ன்னு எழுதுனது நீயா? நான் யாரோ ரிட்டயர்டு வாத்தியாருன்னுல்லா நெனச்சேன்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிடிபட்டு நிற்கிறோம் என்பதையே மறந்த சிரிப்பு. நானும் சிரித்திருக்கலாம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம ஊரா?" என்றார் அப்பா.

"தென்காசிப் பக்கம். இங்க லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலு. ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் அடுப்பு இருக்காது."

கார்டு எடுக்கக்கூடாதா என்று நூலகர் சார் கேட்டார். வீட்டு வரி ரசீது உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும், எனக்கு இந்த ஊரில் யார் போடுவார் என்றாள். அப்பா தரையைப் பார்த்தார். அவரும் வாடகை வீடுதான். அவர் கார்டே ஆபீஸ் மேனேஜர் கையெழுத்தில் வந்தது.

அடுத்து நூலகர் சார் கேட்டார், இதைச் செய்தது வேறு யார் யார் என்று. காலையில் தினமும் அதே புத்தகத்தை அதே இடத்தில் மறைத்து வைத்தவள் நான். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"ஞான் மாத்ரம் சாரே" என்றாள்.

என் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. இந்த இடத்தை எத்தனையோ பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன், பாறைகள் அலமாரி, வக்கீல், காலாவஸ்தை எல்லாவற்றோடும். இந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுச் சொல்வேன்.

தண்டனை பெரிதில்லை. இனிமேல் அலமாரிகளுக்கு நடுவே போகக் கூடாது, கவுண்டருக்கு எதிரே உட்கார வேண்டும், புத்தகம் வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். "சரி சார்" என்றாள். புத்தகத்தை அட்டெண்டரிடம் கொடுத்தாள். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு உயிர் திரும்பியிருந்தது. "ஒண்ணும் இல்லாமப் போச்சே! பாவம், நல்ல பொம்பளைதான்" என்று சொல்லி, கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சூடாக ஒரு பழம்பொரி, வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்தார். அழுதுகொண்டே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். முழுவதும் தின்றேன். நன்றாகவே இருந்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் இன்னும் ஒரு வாரம் நூலகத்துக்குப் போனேன். ஐந்தாம் பாகத்தைத் தேடினேன். வானிலை, கோழி, நட்சத்திரம், பறவைகள், மூச்சை அடக்கிக்கொண்டு நோய்கள். எங்கும் இல்லை. காற்றாடிக்குக் கீழே இருந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து நிஜமாகவே தூங்கினார்கள். ஜூனில் மழையும் மலையாளமும் சேர்ந்து பிடித்துக்கொண்டன.

அம்மா வந்தாள். மறு வருஷம் சித்திரையில், ஒரு டிரங்குப் பெட்டியோடு. வந்த அன்றே தோசைக்கு அரிசி ஊறப்போட்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா ‘கொஞ்சம்’ மெலிந்திருந்தாள்.

பிறகு படிப்பு, வேலை, கல்யாணம், அது முடிந்தது என்று நாற்பது வருஷம் ஊர் ஊராகப் போயிற்று. அப்பா இதே ஊரில் வீடு கட்டினார். எண்பது வயதில் ஒருநாள், நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் சொன்னார்: "மக்ளே, இப்பம்னா எனக்கு வரி ரசீது இருக்கு. அந்தப் பொம்பளைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருக்கலாம்." எந்தப் பொம்பளை என்று நான் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பின் அவரும் போனார். இப்போது அந்த வீட்டில் நானும் அந்த வரி ரசீதும்.

போன மாதம், பேச ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, நூலகத்துக்குப் போனேன். ஒன்பதரைக்கு. பழக்கதோஷம். டிராயர்கள் போய்விட்டன. கவுண்டரில் ஒரு இளைஞன்.

"ஆன்ட்டிக்கு ஏது புஸ்தகமா வேண்டது?"

நாவலின் பெயரைச் சொன்னேன். தட்டினான். "அஞ்சு பார்ட்டும் உண்டல்லோ."

"உண்டு என்று எனக்கும் தெரியும்" என்றேன், நல்ல மலையாளத்தில். "எங்கே?"

அவன் திரையைப் பார்த்து எண்ணைப் படித்தான். 894.811.

போனேன். சிவப்புக் காலிகோ, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தும் அதனதன் இடத்தில். அன்று மத்தியானமே அட்டெண்டர் அதை அங்கே கொண்டுபோய் வைத்திருப்பார். அவர் வேலை அதுதானே. அந்த ஒரு வாரம் முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது. நூலகத்தின் எல்லாத் தவறான எண்களிலும் தேடினேன். சரியான எண்ணில் தேடத் தோன்றவே இல்லை. ஒளித்துவைத்த பொருளை அதன் சொந்த இடத்தில் யாராவது தேடுவார்களா?

பின்னட்டையில் தேதி முத்திரை குத்தும் தாள் வெறுமையாக இருந்தது. நாற்பது வருஷத்தில் இந்த நகரத்துத் தமிழர் ஒருவரும் எடுக்கவில்லை, வாழ்க. பார்கோடு ஒட்டியவரும் உள்ளே புரட்டவில்லை. 212-ஆம் பக்கத்தில் காலண்டர் தாள் பழுப்பேறி அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பழைய காகித வாசனைதான். பின்பக்கம் குண்டு குண்டாக எழுத்து. அந்தச் சனிக்கிழமை மத்தியானம், திங்கட்கிழமை காலை நான் படிப்பேன் என்று எழுதியது.

‘வாத்தியார் ஐயா, நான் சொன்னது தப்பு, நீங்கள் நினைத்ததுதான் சரிபோல. மாட்டு மணி கிட்டத்தில் கேட்கிறது. இன்னும் எழுபது பக்கம் இருக்கிறது. எனக்கு நாளைக்கு லீவு. திங்கட்கிழமை பார்ப்போம்.’

ஜன்னலோரம் உட்கார்ந்து 174-இலிருந்து படித்தேன். முப்பத்தெட்டு பக்கம், எனக்குச் சேர வேண்டியது. நடை சுமார்தான். மழை வேண்டாத இடத்திலெல்லாம் பெய்கிறது. 212 வந்தது. தாளை அதே இடத்தில் வைத்து மூடினேன்.

அந்த இளைஞன் பார்க்காத நேரம் பார்த்து, வடமேற்கு மூலைக்குப் போனேன். ஓடு மாற்றிவிட்டார்கள். 551.5-இல் கடைசிப் புத்தகத்துக்குப் பின்னால் ஐந்தாம் பாகத்தை வைத்துவிட்டு வந்தேன். மணி ஒன்றே முக்கால். மத்தியானம் அவருடையது.